மன்னிப்புக்கு ஒரு திங்கட்கிழமை

தில்லியில் என் பக்கத்து ஃபிளாட்டில் குடியிருந்த மலையாள நர்ஸ் ஆண்டுதோறும் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஒரு திங்கட்கிழமை லீவு போடுவார். ஓணத்துக்குக்கூட டியூட்டி பார்க்கிற பெண்மணி. என்ன விசேஷம் என்று ஒருமுறை கேட்டேன். “மன்னிப்புக் கேக்கற நாள் சார்” என்றார். வேலூரில் நர்சிங் படித்தவர். தமிழ் சரளமாக வரும். லீவு லெட்டரில் என்ன எழுதுவீர்கள் என்றேன். “காய்ச்சல்னுதான். அந்தப் பொய்யையும் சேத்துக் கேட்டுக்குவேன்.”

அந்த நாளுக்குப் பெயர் சுப்கோனோ. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா பிரிவினர் ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பது நோன்பின் முதல் திங்களன்று நடத்தும் சடங்கு. பள்ளியில் கூடியிருக்கும் ஒவ்வொருவரும் மற்றவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் நோன்பு, அதன் பிறகுதான் ஆராதனை. (பள்ளி என்றால் இங்கே மாதா கோவில். பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கு ஸ்கூல் என்ற சொல்லே போதும் என்று மலையாளிகள் விட்டுவிட்டார்கள்.) “தில்லியில பாக்கறது பாதிதான். அம்மா வீட்டுக்குப் போய்ப் பாருங்க” என்றார் நர்ஸ். கடைசியில் போன நோன்புக்குத்தான் அது கூடிவந்தது.

கேரளா எக்ஸ்பிரஸ் புது தில்லியில் இரவு புறப்பட்டு நாட்டின் பாதியைத் தாண்டி, காட்பாடி, சேலம், ஈரோடு, கோவை என்று நம் ஊர்களைத் தொட்டுக்கொண்டு, மூன்றாம் நாள் மாலை கோட்டயத்தில் இறக்கிவிடுகிறது. எழுத்தோடு பிழைக்கிற எவருக்கும் இந்த ஊர் மேல் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்யும். பெஞ்சமின் பெய்லி என்ற மிஷனரி 1821-இல் அச்சகம் தொடங்கிய ஊர். மலையாள மனோரமாவின் ஊர். 1989-இல் முழு எழுத்தறிவு பெற்ற இந்தியாவின் முதல் நகரம் என்ற பெயரும் இதற்கு உண்டு. மீனச்சில் ஆற்றங்கரைப் பக்கம் போனால் பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த வலியபள்ளியும் செறியபள்ளியும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. வலியபள்ளியில் பஹ்லவி எழுத்து பொறித்த இரண்டு கற்சிலுவைகள் இருக்கின்றன. சென்னை பரங்கிமலைக் கோவிலில் உள்ள சிலுவைக்கு அவை உடன்பிறப்புகள் மாதிரி. பாரசீகமும் மயிலாப்பூரும் கோட்டயமும் கடல்வழியே உறவு கொண்டிருந்த காலத்தின் மிச்சம்.

நான் போக வேண்டியிருந்தது நகரத்துக்கு வெளியே, புதுப்பள்ளி பக்கம் ஒரு சிற்றூருக்கு. ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது பின்னால் தெரியும். ரப்பர் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செந்தளிர் விட்டுக்கொண்டிருந்தன. நர்ஸின் அம்மாவுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். வெள்ளைச் சட்டையும் முண்டும், காதில் பழைய கனத்த வளையம். நான் போன நேரம் விளக்கு வைக்கிற நேரம். வா என்றவர் அடுத்த வார்த்தை பேசவில்லை. டிவியை அணைத்தார். வீட்டில் இருந்த எல்லோரும் கிழக்கு நோக்கி நின்றார்கள். சந்தியா நமஸ்காரம்.

சனி மாலை இருட்டியதுமே இவர்களுக்கு ஞாயிறு பிறந்துவிடுகிறது. நாளென்பது அந்தியில் தொடங்கும் என்ற பழைய யூதக் கணக்கு. ஆகவே ஞாயிறு காலை குர்பானாவுக்கான ஆயத்தமும் சனி மாலையே தொடங்குகிறது. ஏழு வேளைக்கும் ஜெபங்கள் அடங்கிய புத்தகம் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஷீமோ என்று பெயர். சிரியாக் மொழியில் ‘எளியது’ என்று அர்த்தமாம். அம்மச்சி அதைக் கையில் வைத்திருந்தாரே தவிரப் பார்க்கவில்லை. நடுநடுவே தலை தரையில் படக் குனிந்து எழுந்தார். அந்த வயதில் அந்த முட்டிகளுக்கு அது சாதாரணக் காரியமில்லை. நள்ளிரவுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. மறுநாள் குர்பானா முடிந்து அப்பமும் ரசமும் பெற்ற பிறகுதான் காப்பி.

நம் பக்கத்தில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களும் பழனிக்கு நடக்கிறவர்களும் பிடிக்கிற விரதத்தின் சாயல் இதில் இருக்கிறது. வியப்பில்லை. பள்ளி வாசலில் கொடிமரம், கல்விளக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரே மண்ணின் பழக்கங்கள்.

ஞாயிறன்று பேத்துர்த்தா. நோன்புக்கு முந்தைய கடைசி அசைவ நாள். பள்ளியில் அன்றைய சுவிசேஷப் பகுதி, தண்ணீர் திராட்சை ரசமான கானாவூர்க் கல்யாணம். வீட்டிலும் கல்யாணச் சாப்பாடுதான். மாட்டிறைச்சி வறுவல், குடம்புளி போட்ட மீன் குழம்பு, கோழி, கப்பைக் கிழங்கு. இதையெல்லாம் ஐம்பது நாளைக்குப் பார்க்க முடியாது என்பதால் ஐம்பது நாளுக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்கள், நானும் பின்தங்கவில்லை. மாலையில் அம்மச்சி மீன் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயில் பட்ட சுவரோரம் கவிழ்த்து வைத்தார். பிறகு அது பரணுக்கு ஏறியது. அந்தக் காலத்தில் பழைய சட்டியை உடைத்துப் போட்டுவிட்டு ஈஸ்டருக்குப் புதிது வாங்குவார்களாம். இனி இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. இந்த நாட்களில் கல்யாணமும் கிடையாது.

மறுநாள் சமையலுக்கு இடிச்சக்கை வந்திருந்தது. பலாப் பிஞ்சு. சந்தையில் காசு கொடுத்து வாங்கியது. எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. வீட்டின் பின்னால் வேலியோரம் அடிமுதல் நுனிவரை பிஞ்சு தொங்க ஒரு பலாமரம் நின்றதைக் காலையிலேயே பார்த்திருந்தேன். கீழே சில அழுகிக் கிடந்தன. கேட்டேன். அம்மச்சி பதில் சொல்லவில்லை. மருமகள் என்னைத் திண்ணைப் பக்கம் அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது மூத்த மகன் வீடு. இந்தப் பக்கம் அம்மச்சியும் இளையவரும். மரம் சரியாக எல்லையில் நிற்கிறது. பாகம் பிரித்தபோது அந்த ஓரடி நிலம் யாருக்கு என்று தகராறு. சர்வேயர் வந்து அளந்தும் தீரவில்லை. ஏழு வருடமாக அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. இரண்டு வீட்டிலும் யாரும் அந்த மரத்தைத் தொடுவதில்லை.

இரண்டு பேரும் நாளைக்குப் பள்ளிக்கு வருவார்களா என்று கேட்டேன். “வருவார்கள். வருடா வருடம் வருகிறார்களே” என்றார் மருமகள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பேத்துர்த்தா வேலையைக் காட்டியது. சுப்கோனோ என்ற சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டு கிடந்தேன். சிரியாக் என்பது இயேசு பேசிய அரமேயத்தின் ஒரு கிளை. அதில் ‘ஷ்பக்’ என்றால் விடு. கடனை விட்டுவிடுவது, போகவிடுவது, மன்னிப்பது எல்லாம் அதிலிருந்து வருகின்றன. கைவிடுவதும் அதிலிருந்தே வருகிறது. சிலுவையில் தொங்கியபோது இறைவன் தன்னைக் கைவிட்டது ஏன் என்று இயேசு அரமேயத்தில் கேட்ட கேள்வியில் இருப்பதும் இந்த வேர்தான். மன்னிப்புக்கும் கைவிடலுக்கும் ஒரே வேரா என்று முதலில் திடுக்கிட்டேன். அப்புறம்தான் நம் தமிழும் அதையே செய்கிறது என்று உறைத்தது. கைவிடு, விட்டுவிடு, விட்டுக்கொடு, விடுதலை. ஒரே ‘விடு’. ‘மன்னிப்பு’ என்று மொழிபெயர்க்கிறபோது அது தலைக்குள் நடக்கிற சமாசாரமாகிவிடுகிறது. விடு என்றால் கையில் ஏதோ இறுகப் பிடித்திருப்பது தெரிகிறது.

மலையாளத்தில் பொறுக்கணும் என்கிறார்கள். வள்ளுவர் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே வைத்த அதே பொறுத்தல். இன்னொரு சொல்லும் எனக்குப் பிடித்திருந்தது. பாவத்தை அச்சனிடம் அறிக்கையிடுவதற்குக் கும்பசாரம் என்று பெயர். கேட்டால் ஏதோ சமஸ்கிருதம் மாதிரி இருக்கும். உண்மையில் போர்ச்சுக்கீசியச் சொல் கேரளக் காற்றில் உருண்டு வந்த வடிவம்.

திங்கள் நண்பகல். வேலை நாள் என்றாலும் பள்ளி நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், தலையில் முக்காடிட்ட பெண்கள் ஒரு பக்கம். நாற்காலி, பெஞ்சு இருந்தாலும் பெரும்பாலோர் நின்றார்கள். மத்பஹா எனப்படும் பீடத்தின் முன் திரை இழுத்திருந்தது. ஜெபத்தின் ஒரு கட்டத்தில் ‘குரியேலாயிசோன்’ என்று பாடிக்கொண்டு எல்லோரும் முழங்காலிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தார்கள். எழுந்தார்கள். மறுபடி குனிந்தார்கள். நோன்பு நாட்களின் நண்பகல் ஜெபத்தில் நாற்பது கும்பிடல் உண்டு. நான் பதினெட்டு வரை எண்ணினேன்; அதற்கு மேல் என் முழங்கால் எண்ணத் தொடங்கியது. முப்பதைத் தாண்டியபோது பள்ளிக்குள் ஒரு மாற்றம் தெரிந்தது. இருமல், கைபேசி, குழந்தையை அதட்டுதல் எல்லாம் அடங்கி மூச்சிரைக்கும் ஓசை மட்டும் இருந்தது. பணக்காரர், ஏழை, ரப்பர் வெட்டுகிறவர், வெளிநாட்டுப் பணக்காரர் எல்லோர் சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது.

அச்சன் பேசியது பத்து நிமிஷம்கூட இராது. காணிக்கை கொண்டுவருகிறவன் தன் மேல் சகோதரனுக்கு ஒரு குறை இருப்பதாக நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகட்டும் என்று மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு சொல்லும் இடத்தை எடுத்துக்கொண்டார். “கவனியுங்கள். உனக்கு அவன் மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன் மேல் குறை இருந்தால் என்கிறார். நமக்குப் பிறர் மேல் உள்ள குறைகள் மனப்பாடம். பிறருக்கு நம் மேல் உள்ளவை நினைவுக்கு வருவதற்குத்தான் இந்த நாற்பது கும்பிடல்” என்றார். ஆராதனைக்கு ஆயத்தம் என்றால் மனத்தை ஒருமுகப்படுத்துவது, கண்ணை மூடுவது, தியானம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இங்கே கண்ணைத் திறக்கச் சொல்கிறார்கள்.

பிறகு அச்சன் படியிறங்கி வந்து சபைக்கு முன் முழங்காலிட்டார். ஆறடி ஆள், நரைத்த தாடி. தான் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி அவர்களிடம் கேட்டார். மாதச் சந்தா பாக்கிக்காக அவரிடம் ஏச்சு வாங்கியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். கடவுள் பொறுப்பார் என்ற பொருளில் கூட்டம் முணுமுணுத்தது. அவர் எழுந்து நின்றார். ஒவ்வொருவராக அவரிடம் போய்க் கைகொடுத்துத் திரும்பினார்கள். திரும்பியவர்கள் ஒருவரையொருவர் நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.

முறை எளிமையானது. ஒருவர் கூப்பிய இரு கைகளையும் நீட்ட, மற்றவர் தன் கைகளால் அவற்றைப் பொதிந்து வாங்கிக்கொண்டு முகத்தில் ஒற்றிக்கொள்கிறார். ஞாயிறு குர்பானாவில் சமாதானம் பரிமாறுவதும் இதே விதமாகத்தான். கய்யசூரி என்பார்கள். ஆனால் ஞாயிறன்று அது பீடத்திலிருந்து பக்கத்தவர் கைவழியே வந்து சேரும். யாரிடமிருந்து என்பது நம் கையில் இல்லை. சுப்கோனோவில் வரிசை என்று ஒன்றுமில்லை. யாரிடம் போவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். அதாவது, யாரிடம் போகாமல் இருப்பது என்பதையும்.

அரைமணி நேரம் ஒரு தூணோரம் நின்று பார்த்தேன். பெரும்பாலானவர்கள் முதலில் போனது நண்பர்களிடம். சண்டையே இல்லாதவர்கள் மனமுருகி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியவர் நேரே வந்து, தூரத்தில் யாரையோ கண்டதும் குனிந்து பாயைச் சரிசெய்து, நிமிர்ந்தபோது வேறு திசையில் இருந்தார். இரண்டு இளைஞர்கள் ஒருவரையொருவர் கண்டு சிரிப்பை அடக்க முடியாமல் தோளில் தட்டிக்கொண்டார்கள். நாற்பது வயதுள்ள ஒருவர் தன் அப்பாவின் முன் போய் நின்று கை நீட்டாமல் அழ ஆரம்பித்தார். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

எனக்கு இங்கே யாரோடும் கணக்கு இல்லை என்ற நிம்மதியில் நின்றிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் வந்து கை நீட்டினார். நான் இந்த மதத்தவன் அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் “பொறுக்கணும்” என்று சொல்லிவிட்டார். கையைப் பற்றிய பிறகு முகத்தில் ஒற்றத்தான் வேண்டியிருந்தது. ரப்பர் பாலின் புளித்த வாடை. அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது தில்லியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர். அவர் செய்த மொழிபெயர்ப்பில் பாதிக்கு என் பெயர் போனது. நான் திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. பதினோரு வருடம். அச்சன் சொன்ன வியாகரணம் சரிதான். அவருக்கு என் மேல் உள்ள குறை அது, எனவேதான் மறந்திருந்தது.

அண்ணன் தம்பி இருவரும் பள்ளியின் எதிரெதிர் மூலைகளில் இருந்தார்கள். அண்ணனுக்கு அறுபது இருக்கும். இருவருமே கூட்டம் குறையும்வரை யார் யாரிடமோ சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் அம்மச்சி யாரிடமும் போகாமல் நின்று ஆண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அண்ணன்தான் நடந்து வந்தார். வேகமாக, பஸ்ஸுக்கு ஓடுகிறவர் மாதிரி. வந்து கையை நீட்டிவிட்டார். தம்பி அந்தக் கையை வாங்கினார். ஆனால் முகத்தைத் திருப்பி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வாங்கினார். தன் முகத்தில் ஒற்றிக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியவில்லை. நடுவில் யாரோ மறைத்துவிட்டார்கள்.

வெளியே வேப்பமர நிழலில் அச்சனிடம் பேசிக்கொண்டிருந்தேன். பேர் போட வேண்டாம் என்ற நிபந்தனையோடு அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். “நாங்கள் ஊருக்கு நடத்துகிறோம். எங்கள் வீட்டில் நடக்கவில்லையே?”

அவர் வீடு என்று சொன்னது மலங்கரை சபையை. புதுப்பள்ளியின் புனித ஜார்ஜ் பள்ளி ஆர்த்தடாக்ஸ் தரப்புக்கு. 2023-இல் இறந்த முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டியின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. இன்றும் ஆட்கள் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி மணர்காட்டின் மரியன்னை பள்ளி யாக்கோபாயா தரப்புக்கு. இரண்டிலும் ஒரே சிரியாக் வழிபாடு, ஒரே நோன்பு, ஒரே சுப்கோனோ. சபைக்குத் தலைமை அந்தியோக்கியாவின் பாத்ரியார்க்கீஸா, கோட்டயத்தின் காதோலிக்காவா என்ற கேள்வியில் 1912 முதல் இரண்டு கட்சி. 1958-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டு கைகோத்தார்கள். 1970-களில் மறுபடி உடைந்தது. 1995-இல் ஒரு தீர்ப்பு. 2017 ஜூலையில் இன்னொன்று. பள்ளிகள் எல்லாம் 1934-ஆம் ஆண்டுச் சபைச் சட்டப்படியே நிர்வகிக்கப்பட வேண்டும் என்றது. அதை நிறைவேற்றப் போன இடங்களில் பூட்டிய கதவுகள், போலீஸ், வாசலில் முழங்காலிட்டு ஜெபிக்கும் கூட்டம். இறந்தவரை எந்தக் கல்லறையில் யார் அடக்கம் செய்வது என்பதிலும் சண்டை முற்றி, 2020-இல் கேரள அரசு அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யும் உரிமை எவருக்கும் உண்டு. ஜெபத்தைத் தனக்கு விருப்பமான அச்சனைக் கொண்டு வேறிடத்தில் நடத்திக்கொள்ளலாம்.

சட்டத்தில் எந்தத் தரப்பு சரி என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஆனால் வருடத்தில் ஒரு நாள், தோற்றவரும் ஜெயித்தவரும் வெவ்வேறு கூரைகளின் கீழ் ஒரே நேரத்தில், ஒரே வார்த்தைகளால், பக்கத்தில் நிற்பவர்களிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் போன ஊரிலும் ஒரு வழக்கு நடந்து முடிந்து இரண்டு குடும்பங்களுக்கு ஒரு பள்ளி என்பது ஒரு குடும்பத்துக்கு ஒரு பள்ளி என்றாகியிருக்கிறது. ஊர்ப் பெயரை விட்டது அதனால்தான். அச்சன் முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு, “எங்கள் வேலியிலும் ஒரு பலாமரம் நிற்கிறது” என்றார். அம்மச்சி வீட்டுக் கதை அவருக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டில் கஞ்சியும் பயறும் ஆயிற்று. மருமகள் பள்ளியில் நடந்ததை நல்ல சகுனமாகப் பேசினார். இளையவர் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் அம்மச்சி முற்றத்தில் அரிவாள்மணையோடு உட்கார்ந்து, சந்தையில் வாங்கிய இடிச்சக்கையில் மிச்சமிருந்த ஒன்றை நறுக்கத் தொடங்கினார். நானும் உதவிக்கு உட்கார்ந்தேன். ஏழு வருடத்தில் இதுதான் முதல் தடவையா என்று கேட்டேன்.

“மூணாவது. முதல் தடவை பெரியவன் பாதி வழி வந்து திரும்பிப் போய்ட்டான். ரெண்டாவது தடவை சின்னவன் வெளிய எறங்கிப் போய்ட்டான். இப்ப கையைக் கொடுத்திருக்கான்.”

“முகத்தைப் பார்க்கவில்லையே, அம்மச்சி.”

“பாக்கல” என்று ஒப்புக்கொண்டார். ஒரு துண்டைச் செதுக்கி முடித்துத் தண்ணீரில் போட்டார். “அம்பது நாள் இருக்கே மோனே.”

என் விரல்களெல்லாம் பலாப்பால் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. தண்ணீரில் கழுவினால் போகாது என்று சொல்லி, தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.